ஏற்காடு ஒரு நாள் சுற்றுலா: வேன் பேக்கேஜா, உள்ளூர் ஓட்டுநரா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அழைத்துப் போய் ஒரே நாளில் சுற்றிக்காட்டும் வேன் பேக்கேஜுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் போடுவேன். அதே ஏற்காட்டில் உள்ளூர் ஓட்டுநரைப் பிடித்து, காபித் தோட்டத்துக்குள் ஒரு வழிகாட்டியோடு நடந்த நாளுக்கு ஐந்துக்கு நாலரை. மலையும் ஒன்றுதான், செலவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எதனால் இவ்வளவு வித்தியாசம் என்று விவரமாகவே எழுதுகிறேன். விடுமுறைக்குச் சேலம் வருகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டால் நல்லது.

எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில். வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறை நடத்துகிறார், கணக்கு வழக்கு என் பொறுப்பு. பட்டறையை விட்டு நகர முடியாத நாட்களில்தான் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். என் தங்கை குடும்பம் திருவாரூரில் இருக்கிறது. கண்ணுக்கு எட்டியவரை வயலாகவே பார்த்து வளர்ந்த பிள்ளைகள். சேலம் ஜங்ஷனில் இறங்கியதும் வடக்கே தெரிகிற மலையைக் காட்டி, "பெரியம்மா, அங்கதானே போறோம்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ஆசைக்கு ஏற்ற மாதிரி நாள் அமைய வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். கூடவே என் மாமியாரும் வருவார். எழுபது தாண்டியவர், இரண்டு முட்டியிலும் வலி. ஆனால் மலைக்குப் போகிறோம் என்றால் முதல் ஆளாகக் கிளம்பி நிற்பார்.

மே மாதத்தில் போனது வேன் பேக்கேஜ். நடத்தியவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. இந்தத் தொழிலில் பலர் இருக்கிறார்கள், பலரும் செய்வது ஒரே முறைதான் என்று விசாரித்ததில் தெரிந்தது. ஒருவரை மட்டும் காட்டிக் கொடுப்பது நியாயமில்லை. அட்டையில் பன்னிரண்டு இடங்கள் அச்சடித்திருந்தார்கள். ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், பக்கோடா பாயிண்ட், ரோஜாத் தோட்டம், கரடி குகை, கிளியூர் அருவி, ராஜராஜேஸ்வரி கோயில், சேர்வராயன் கோயில், அப்புறம் 'ஷாப்பிங்'. காலை எட்டுக்குக் கிளம்பி மாலை ஆறுக்குள் சேலம் திரும்ப வேண்டும். அடிவாரத்திலிருந்து மேலே போக இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறி இறங்கும் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் கழித்துவிட்டு மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் இறங்கி, செருப்பைச் சரிசெய்துகொண்டு நடப்பதற்குள் விசில் ஊதுவார்கள். எங்களுக்கு அப்படித்தான் ஊதினார்கள்.

வழிகாட்டி என்று ஒருவர் வந்திருந்தார். பாவம், நல்ல மனுஷன், யாரையும் கடிந்து பேசவில்லை. ஆனால் நாள் முழுக்க அவர் பேசியது இரண்டே விஷயம்: எத்தனை நிமிஷத்தில் திரும்பி வர வேண்டும், கழிப்பறை எங்கே இருக்கிறது. இரண்டாவதை அவர் சொன்னதற்கு நன்றியோடு இருக்கிறேன். ஆனால் கோரிமேட்டுக்குப் போகும் வழியில் ஏற்காடு ரோட்டின் ஓரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோவில் இன்று மிஞ்சி நிற்பது அந்த வாசல்தான். கருணாநிதியும் எம்.ஜி.ஆரும் வேலை பார்த்த இடம். வெளியூர்க்காரர்கள் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்த வேன் அதைத் தாண்டிப் போனது. வழிகாட்டி அப்போது போனில் யாரிடமோ சாப்பாட்டுக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் தங்கை பிள்ளைகளுக்குக் காட்டினேன். பின் சீட்டில் இருந்த மதுரைக்காரர் ஒருவர், "அம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டார். கேட்க ஆள் இருக்கிறது, சொல்லத்தான் ஆள் இல்லை.

மே மாதம் என்பதால் கோடை விழா நடந்துகொண்டிருந்தது. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி. பூக்களை அழகாக வைத்திருந்தார்கள், அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு ஏரியைச் சுற்றி வண்டிகள் நகரவே இல்லை. படகு இல்லத்தில் வரிசை ரோடு வரை நின்றது. எங்களுக்குக் கொடுத்த நேரத்தில் டிக்கெட் கவுண்ட்டரைக்கூட நெருங்க முடியவில்லை. "படகு உங்க விருப்பம், அது பேக்கேஜ்ல இல்லைங்க" என்றார்கள். அட்டையில் ஏரிக்குப் பக்கத்தில் படகுப் படம் போட்டிருந்தது. சின்னவன் அந்தப் படத்தைக் காலையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்திருந்தான். அவன் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. படம் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கிளியூர் அருவிக்குப் போகவில்லை. மே மாதத்தில் அங்கே தண்ணீர் இருக்காது என்பது சேலத்துக்காரர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீரும் சுற்றிலும் உள்ள ஓடைகளும் சேர்ந்துதான் அந்தப் பள்ளத்தாக்கில் விழுகின்றன. மழை இல்லையென்றால் வெறும் பாறைதான். போகாததில் வருத்தமில்லை. போகப்போவதில்லை என்று தெரிந்தே அட்டையில் அதைப் போட்டுப் பணம் வாங்கியதுதான் வருத்தம்.

பக்கோடா பாயிண்டில் கால் மணி நேரம். அங்கே கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரம்போல அடுக்கிவைத்திருப்பார்கள். விளிம்பில் நின்றால் கீழே காகம்பாடி கிராமம் தெரியும். காற்று முகத்தில் அடிக்கும். மலையில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் பார்ப்பதற்கென்றே இருக்கும் இடம். மாமியார் வேனிலிருந்து இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து, விளிம்புக் கம்பியைத் தொட்டபோது கூப்பிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு கடை வாசலில் வண்டி நின்றது. தைலம், 'ஹோம்மேட்' சாக்லேட், மசாலாப் பொட்டலம். அங்கே முக்கால் மணி நேரம். யாரும் விசில் ஊதவில்லை. கடைக்காரர் வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் தனியாக டீ கொண்டுவந்து கொடுத்தார். வேனில் உட்கார்ந்தபடி மாமியார் சொன்னது: "அந்த நேரத்தை அங்க விட்டிருந்தா நான் இன்னும் கொஞ்சம் பாத்திருப்பேன்ல."

கமிஷன் தொழிலில் உண்டு, அது தெரியும். எங்கள் கொலுசு வியாபாரத்திலும் ஆள் கூட்டிவந்தால் ஏதோ கொடுப்பார்கள். ஆனால் வாடிக்கையாளர் பணம் கட்டி வாங்கிய நேரத்தை எடுத்துக் கடைக்குக் கொடுப்பது வேறு கதை. கடைக்குப் போகிறோம், விருப்பமில்லாதவர்கள் இங்கேயே ஏரிக்கரையில் நடந்துகொண்டிருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிக் குறை தீர்ந்துவிடும்.

சேர்வராயன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் களைத்திருந்தோம். சாமி கும்பிட்டோம், திரும்பினோம். ஆளுக்கு 950 ரூபாய். மதியச் சாப்பாடு அதில் அடக்கம், ஆறிப்போன சாம்பார் சாதம். வண்டி நன்றாக இருந்தது, ஓட்டுநர் வளைவுகளில் நிதானமாக ஓட்டினார். நான் கொடுத்த இரண்டு மதிப்பெண்ணும் அவருக்குத்தான்.

பொங்கல் விடுமுறைக்குத் தங்கை மறுபடியும் வந்தாள். பிள்ளைகள் மறுபடியும் மலை என்றார்கள். இந்தத் தடவை பேக்கேஜ் வேண்டாம் என்று, சேலத்திலிருந்து பஸ்ஸிலேயே ஏறி, மேலே போய் வண்டி பேசினோம். முப்பது கிலோமீட்டர்தான். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள், எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும், காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சின்னவன் அப்படித்தான் தப்பித்தான்.

பட்டறையில் வேலை பார்க்கிற பையனின் ஊர் ஏற்காட்டுப் பக்கம். அவன் மூலமாகத்தான் அந்த ஓட்டுநர் கிடைத்தார். முந்தின நாளே போனில் பேசினேன். என்னென்ன இடம் காட்டுவீர்கள் என்று நான் கேட்பதற்குள் அவர் கேட்டார்: "எத்தனை பேருங்க? வயசானவங்க இருக்காங்களா? முட்டி எப்படிங்க, படி ஏறுவாங்களா? சின்னப் பிள்ளைங்களுக்கு வாந்தி வருமா?" மே மாதத்தில் பணம் வாங்கியவர்கள் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. சுற்றிக்காட்டுகிற தொழில் இந்தக் கேள்விகளிலிருந்துதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. யாரைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று தெரியாமல் எங்கே கூட்டிக்கொண்டு போவது?

நான் பதில் சொன்னதும் அவரே பட்டியலைச் சுருக்கினார். "அஞ்சாறு இடம் போதுங்கக்கா. அம்மாவுக்குக் கிளியூர் வேண்டாம். தண்ணி விழுது, ஆனா படி செங்குத்து, இறங்கிட்டா ஏற முடியாது. பிள்ளைங்களுக்கு வேணும்னா நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க அம்மாகூட மேலயே இருங்க." சொன்னபடியே செய்தார். தங்கையும் பிள்ளைகளும் அவரோடு இறங்கினார்கள். நானும் மாமியாரும் மேலே கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வழுக்குகிற பாறைப் பக்கம் யாரையும் விடவில்லையாம். தண்ணீருக்குக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தி, "இங்கேர்ந்து பாருங்க, இதுக்கு மேல வேண்டாம்" என்றாராம். பிள்ளைகள் முணுமுணுத்தார்களாம். எனக்கு அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது.

ஆர்க்கிட் தோட்டத்துக்கு அவர் கூட்டிப்போனதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியத் தாவரவியல் அளவைத் துறை 1963இலிருந்து நடத்தும் இடம். பேக்கேஜ் அட்டையில் இது இல்லவே இல்லை. உள்ளே குடுவைச் செடி இருக்கிறது, மேகாலயாவில் காட்டில் வளர்வது. இலையின் நுனி நீண்டு, மூடிபோட்ட சின்னச் செம்பு மாதிரி தொங்குகிறது. விளிம்பு வழவழவென்றிருப்பதால் பூச்சி சறுக்கி உள்ளே விழும், அடியில் உள்ள நீரில் கரைந்துபோகும். அங்கே வேலை பார்க்கும் அம்மா ஒருவர் தொடாமல் எட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு குடுவைக்குள் எறும்பு ஒன்று மிதந்தது. சின்னவன் அதை விட்டு நகரவில்லை. ஓட்டுநர் வெளியே நின்றுகொண்டிருந்தார், அவசரப்படுத்தவில்லை. ஜனவரியில் ஆர்க்கிட் பூக்கள் குறைவுதான். பூ பார்க்கவே போகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகம் என்பதால் விடுமுறை நாட்களில் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போவதும் நல்லது.

அங்கிருந்து ஹோலி டிரினிட்டி தேவாலயம். எதற்கு இங்கே என்று தங்கை கேட்டாள். ஓட்டுநர் நேராகப் பெரியவளைப் பார்த்து, "பாப்பா, ஒன்பதாவதா? பல்லாவரத்துல கல் கோடாரி கண்டுபிடிச்சவர் யாரு?" என்றார். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை: "ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863." பாடப்புத்தகத்தில் இருக்கிறது, மனப்பாடம். "அவரு நினைவிடம் இங்கதான் இருக்கு" என்றார். நிலவியல் துறை அதிகாரியாக இருந்தவர், தென்னிந்தியா முழுக்க நடந்து கற்கருவிகளைத் தேடியவர், கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார், 1912இல் இறந்தார். பரீட்சைக்காகப் படித்த பெயரைக் கல்லில் எழுதியிருக்க நேரில் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு வந்த ஆச்சரியம் இருக்கிறதே! கேள்விமேல் கேள்வியாக அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் ஓட்டுநரிடம் பதில் இல்லை. "அது எனக்குத் தெரியாது பாப்பா, உங்க டீச்சரைக் கேளு" என்றார். தெரியாததைக் கதைகட்டிச் சொல்லாமல் விட்டதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

இனிக் காபித் தோட்டம். இந்த நாளில் நான் கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பும் கிடைத்தது இங்கேதான்.

நாகலூர்ப் பக்கம் ஒரு சிறிய தோட்டம். உரிமையாளர்கள் அனுமதியோடு, அங்கேயே பல வருஷம் வேலை பார்த்த அக்கா ஒருவர் நடத்திக்காட்டுகிறார். இந்த மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர், கேரளத்து மலையாளி இல்லை. முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்கள் வழக்கத்தில் சொல்வதை அவர் பாட்டி சொன்னபடியே சொன்னார். ஒன்றரை மணி நேர நடை. தரை பெரும்பாலும் சமம், மாமியார் கம்பு ஊன்றிக்கொண்டே முக்கால்வாசி நடந்துவிட்டார். மிச்சத்துக்கு அவரைக் களத்தருகே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது பல இடங்களில் எழுதியிருக்கும். அக்கா அதை ஒரே வரியில் முடித்துவிட்டு, மேலே அண்ணாந்து பார்க்கச் சொன்னார். உயரமாகச் சில்வர் ஓக் மரங்கள், தண்டைச் சுற்றி மிளகுக்கொடி. அதற்குக் கீழே நம் தோள் உயரத்துக்குக் காபிச் செடி. "நிழல் இல்லாம இந்த அராபிகா வகைக் காபி நிக்காதுங்க" என்றார். ஏன் என்று கேட்டதற்கு ஒரு செடியின் தண்டைக் காட்டினார். பட்டையின்மேல் வளையம் வளையமாக மேடு தட்டியிருந்தது. விரலால் தடவச் சொன்னார். தண்டுத்துளைப்பான். வண்டு வெயில் படுகிற தண்டில்தான் பட்டை இடுக்குப் பார்த்து முட்டையிடுமாம். புழு உள்ளே போய் மரத்தைக் குடைந்து தின்றுகொண்டே போகும். வெளியே இந்த மேடு மட்டும்தான் தெரியும். இலை பழுத்து வாடும்போது எல்லாம் முடிந்திருக்கும். அந்தச் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துச் செடிக்கும் போய்விடும். "இது அடுத்த வாரம் போயிடும்" என்று அந்தச் செடியின் இலையைத் தட்டிக்கொடுத்தார். நிழல் மரம் எதற்கு என்பது அந்த ஒரு தண்டிலேயே எங்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

ஜனவரி பழம் பறிக்கிற காலம். ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். சிவந்ததை மட்டும் திருகி எடுக்க வேண்டும். காம்போடு பிய்த்தால் அடுத்த வருஷம் அந்த இடத்தில் பூ வராது என்று பெரியவளின் கையைப் பிடித்துத் திருகிக்காட்டினார். பழத்தை நசுக்கினால் வழவழப்பான தோலுக்குள் இரண்டு கொட்டைகள் தட்டையான முகத்தோடு ஒன்றையொன்று ஒட்டியிருக்கும். சில பழத்தில் ஒரே கொட்டை உருண்டையாக இருக்கும். அதுதான் பீபெர்ரி. நான் எத்தனையோ தடவை கடையில் 'பீபெர்ரி' என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். செடியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து இதுதான் என்று ஒருவர் காட்டியது அன்றைக்குத்தான். பழத்தின் சதை லேசாக இனிக்கிறது, காபி வாசனை துளிகூட இல்லை. பிள்ளைகளுக்கு அது பெரிய ஏமாற்றம்.

பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோலை நீக்கிவிட வேண்டும். வைத்திருந்தால் புளித்து வாடை வந்துவிடும். அப்புறம் தொட்டியில் ஊறவிட்டு, மேலே ஒட்டியிருக்கும் கொழகொழப்பு விட்ட பிறகு கழுவி, களத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். களத்தில் ஒரு பக்கம் கழுவிய வெள்ளைக் காபி, இன்னொரு பக்கம் பழமாகவே காயவிட்ட கருஞ்செர்ரி. மரப்பலகை வைத்துத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து, காய்ந்த கொட்டையைக் கையில் அள்ளிக் குலுக்கி, "இன்னும் ஈரம் இருக்குது" என்றார். நெல் காயவைத்த அனுபவம். அக்கா சிரித்துவிட்டு, "சரியாச் சொன்னீங்கம்மா, இன்னும் மூணு வெயில் வேணும்" என்றார். அந்த இடத்தில் இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். வெளியூர்க்காரர் காசு கொடுத்துப் பார்க்கிற காட்சிப்பொருள் என்பது போய், வேலை தெரிந்த இரண்டு பெண்கள் பேசிக்கொள்வதாக அது ஆகிவிட்டது. எந்தப் பேக்கேஜ் அட்டையிலும் இதை அச்சடிக்க முடியாது.

மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால் பத்து நாளுக்குள் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடுமாம். பூ மழை என்கிறார்கள். மல்லிகை மாதிரி வாசம், இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அந்த மழை தவறினால் அந்த வருஷம் விளைச்சலே தவறிப்போகும் என்றார் அக்கா. அந்த நேரத்தில் வர முடிந்தவர்கள் வாருங்கள்.

நடக்கும்போது ஒரு இடத்தில் அக்கா கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். வேலிக்கு அந்தப் பக்கம் காட்டெருமைச் சாணம், புதுசு. காது கொடுத்துக் கேட்டுவிட்டு வேறு வரப்பு வழியாகக் கூட்டிப்போனார். போன் எடுத்துப் படம் பிடிக்கலாமா என்று தங்கை வீட்டுக்காரர் கேட்டதற்கு, "வேண்டாங்க, அது அமைதியாத்தான் இருக்கும், நாம கிட்ட போனாத்தான் கோவம் வரும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். ஏற்காட்டில் தோட்டங்களுக்குள் காட்டெருமை வருவது சகஜம். உள்ளூர் ஆள் இல்லாமல் தோட்டப் பாதையில் தனியாக நடக்காதீர்கள்.

மதியச் சாப்பாடு தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில், முன்கூட்டியே சொல்லிவைத்தது. ராகிக் களி, கீரைக் கடைசல், சோறு, ரசம். பிள்ளைகள் களியை விழுங்கத் தெரியாமல் மென்றுகொண்டிருந்தார்கள். சூடாக இருந்தது, போதும் போதும் என்கிறவரை போட்டார்கள்.

சேர்வராயன் கோயில் மலையின் உச்சி, 5,326 அடி. மேலே சமதளமாகப் புல்வெளி, காற்று தள்ளுகிறது. கோயில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரி அம்மனும் உள்ளே இருக்கிறார்கள். மே மாதத்தில் சுற்றுவட்ட மலைக் கிராமங்கள் எல்லாம் கூடித் திருவிழா நடத்துகின்றன. முன்னால் நாங்கள் களைத்துப்போய்க் கும்பிட்டு வந்த அதே கோயில்தான். இந்தத் தடவை வாசலில் ஓட்டுநர் மாமியாரின் தலைக்கு மேல் தன் கையை வைத்துப் பாறை இடிக்காமல் உள்ளே அனுப்பினார்.

கடைசியாக லேடீஸ் சீட். அதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மதியத்தில் போனால் வெயிலும் புகைமூட்டமும்தான். இருட்டும் நேரத்தில் நின்றால் கீழே மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்குவது வண்டி விளக்குகளில் தெரியும், அதற்கப்பால் சேலம் நகரம் முழுக்க விளக்கேற்றும். ஆறு மணிக்குள் சேலத்தில் இறக்கிவிடும் வேன்காரர்கள் இதைக் காட்டவே முடியாது. தெளிவான நாளில் பகல் நேரத்தில் மேட்டூர் அணைத் தண்ணீரும் தெரியும், எங்களுக்குத் தெரியவில்லை. தங்கை மகள் செவ்வாய்ப்பேட்டை எது என்று கேட்டாள். ஓட்டுநர் தோராயமாக ஒரு பக்கம் காட்டினார்.

குறைகளும் உண்டு. அரை மதிப்பெண் குறைத்தது அதற்குத்தான். ரசீது கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. பட்டறைப் பையன் இல்லாவிட்டால் எனக்கு இந்த ஓட்டுநர் கிடைத்திருக்க மாட்டார். முன்பின் தெரியாத வெளியூர்க்காரர் ஏரிக்கரையில் இறங்கி வண்டி பேசினால் யார் கிடைப்பார்கள் என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஏரிக்கரையில் சிலர் வழிமறித்து வண்டி வண்டி என்று கூப்பிடுகிறார்கள், விலையும் ஆளைப் பார்த்து மாறுகிறது. வண்டிக்கு 2,800, தோட்ட நடைக்கு ஆளுக்கு 200, சாப்பாடு தனி, பஸ் கட்டணம் தனி. ஆறு பேருக்குக் கூட்டிப்பார்த்தால் வேன் பேக்கேஜைவிடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. இரண்டே பேர் போனால் இது அதிகம்தான், அவர்கள் ஏரியையும் பூங்காவையும் பஸ்ஸிலேயே போய்ப் பார்த்துவரலாம். மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, படகு ஏறிவிட்டு வந்தாலே நல்ல பொழுதுதான். ஜனவரியில் வரிசை இல்லை, சின்னவன் படகு ஏறிவிட்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேசும்போது நான் கேட்கச் சொல்வது இவைதான்: எந்த இடத்தில் எவ்வளவு நேரம், கடைக்கு நிறுத்துவீர்களா, இறக்கிவிடும் நேரம் என்ன, மழை பெய்தால் எதை மாற்றுவீர்கள். கடைசிக் கேள்வி முக்கியம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது, உள்ளூர் ஓட்டுநர்களுக்கு எந்த நாளில் எது சரி என்று தெரியும். வடகிழக்குப் பருவமழையின்போது முன்பணம் கட்டுகிறவர்கள், பாதை மூடினால் பணம் திரும்ப வருமா என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இன்னொன்று. சேர்வராயன் கோயில் பக்கமும் தோட்டத்துப் பக்கமும் நல்ல கழிப்பறை கிடையாது. ஏரிப் பக்கத்திலேயே போய்விட்டு வண்டி ஏறுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஜனவரிக் குளிர் நன்றாகவே இருக்கும். சேலத்து வெயிலை நம்பிச் சால்வை எடுக்காமல் போகாதீர்கள். இறங்கும் பஸ்ஸில் கூட்டம் அதிகம், உட்கார இடம் வேண்டுமானால் லேடீஸ் சீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்பி, பஸ் நிலையத்துக்கே வந்து ஏறிவிடுங்கள்.